துண்டுக் காகிதத்தில் வாழ்த்து அட்டை: கேட்டவையும் என் பதில்களும்

தீபாவளி நெருங்குகிறது, கோலாலம்பூர் செந்தூலில் நான் நடத்தும் வாரக்கடைசி வகுப்பில் எல்லாருக்கும் இப்போது ஒரே பைத்தியம், பேப்பர் பீசிங். படத்தை வரைந்து வண்ணம் தீட்டாமல், ஒவ்வொரு பகுதியையும் வேறு வேறு காகிதத்தில் வெட்டி ஒட்டிச் சேர்ப்பதுதான் அது. வரையத் தெரியாதவர்களுக்கு வரப்பிரசாதம். வகுப்பிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கிள்ளானிலிருந்து ஓர் இல்லத்தரசி: அக்கா, எவ்வளவு கவனமாக வெட்டினாலும் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் வெள்ளைக் கோடு தெரிகிறது. கட்டர் மாற்ற வேண்டுமா?

கட்டர் மேல் குற்றமில்லை. கோட்டோடு கோடு பொருந்த வேண்டும் என்று வெட்டுகிறீர்கள், அதுதான் சிக்கல். அடியில் போகும் துண்டைக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். மேலே வரும் துண்டை மட்டும் சரியான கோட்டில் வெட்டினால் போதும், கூடுதல் பகுதி அதன் அடியில் ஒளிந்துகொள்ளும்.

ஓர் அகல்விளக்கைப் பாருங்கள். நான்கே துண்டுகள்: ஆரஞ்சுச் சுடர், அதன் மேல் சின்ன மஞ்சள் சுடர், பழுப்புக் கிண்ணம், கிண்ணத்தின் வாயில் ஒரு பொன்னிறப் பட்டை. சுடரின் அடிப்பாகத்தைக் கூராக முடிக்காமல் நீளமாக விட்டு முதலில் ஒட்டுங்கள். மஞ்சள் சுடரை அதன் மேல் வையுங்கள். அப்புறம் கிண்ணம், சுடரின் வால் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். கடைசியில் பட்டை. அது கிண்ணத்தின் மேல் விளிம்பை மூடுவதால், அந்த விளிம்பு கோணலாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. வெட்டும் முன்பே ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஒட்டும் வரிசையை எண்ணாக எழுதிவிடுங்கள். எண் எழுதும்போதே எந்த ஓரத்தில் கூடுதல் விட வேண்டும் என்பது புரிந்துவிடும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு) மாணவர்: மயில் செய்தேன். உடம்பு இடப்பக்கம் பார்க்கிறது, தோகை வலப்பக்கம் போக வேண்டியது அதுவும் இடப்பக்கமே வந்துவிட்டது. ஏன்?

தோகையைக் காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்து வெட்டியிருக்கிறாய், தம்பி. பின்னால் வரைந்தால் முன்னால் இடவலம் மாறித்தான் வரும். பென்சில் கோடு முன்பக்கம் தெரியாது என்பதால் பின்பக்கம் வரைவது நல்ல பழக்கம்தான். ஆனால் டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். எழுத்துகளுக்கும் இதே விதி.

படம் பதிக்கும் ரப்பர் ஸ்டாம்ப் எதுவும் என்னிடம் இல்லை. அது இல்லாமல் செய்யலாமா?

தாராளமாக. கோட்டோவியம் ஒன்றை மூன்று நான்கு பிரதிகள் எடுத்து வார்ப்பாக, அதாவது வெட்டுவதற்கான மாதிரியாக, வையுங்கள். லேசர் பிரிண்ட் நல்லது. இங்க்ஜெட் மை தண்ணீர்ப் பசை பட்டால் கசியும்.

பூச்சோங்கிலிருந்து: ஒட்டி முடித்ததும் அட்டை வில்லாக வளைந்துவிடுகிறது. நான் மட்டும்தான் இப்படிப் படுகிறேனா?

கோலாலம்பூரில் அட்டை செய்கிற எல்லாரும் படுகிறார்கள். தீபாவளி வேலை நடக்கிற அக்டோபர், நவம்பரில்தான் இங்கே மழையும் வெளுத்து வாங்கும். காகிதம் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்திருக்கும், அதன் மேல் வெள்ளைப் பசையையும் பூசினால் நார்கள் உப்பி வளையாமல் என்ன செய்யும்?

பெரிய துண்டுகளுக்கு டபுள் டேப்பும் (இரு பக்கமும் ஒட்டுவது), நடுத்தரத் துண்டுகளுக்குக் குச்சிப் பசையும் போடுங்கள். வெள்ளைப் பசை வேண்டுமென்றால் பல்குத்தி நுனியில் தொட்டு, ஓரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வையுங்கள். துண்டு முழுக்கப் பூசத் தேவையே இல்லை. ஒட்டியதும் வெள்ளைத் தாளை மேலே போட்டு, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்புக்கு இணையாக நார் ஓடுகிறது. அட்டையின் நாரும் மேலே ஒட்டும் பெரிய தாளின் நாரும் ஒரே திசையில் இருந்தால் வளைவு குறையும். மீதித் தாள்களை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு வையுங்கள்.

என்ன தடிமன், என்ன அளவு?

அடி அட்டைக்கு 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). துண்டுகளுக்கு 80 முதல் 120. ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் ஏ6 அளவில் இரண்டு வாழ்த்து அட்டைகள். அது சி6 உறைக்குள் சரியாக உட்காரும். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், மடிப்பு பிசிறாது.

போன வருடத்து தீபாவளிப் பண உறைகள், சீனப் புத்தாண்டு அங்பாவ் பண உறைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. பயன்படுமா?

பயன்படுமாவா! காசு கொடுத்து வாங்கும் டிசைன் தாளைவிட அவை அழகு. ஆனால் பளபளப்புப் பூச்சு உள்ள உறையில் தண்ணீர்ப் பசை பிடிக்காது, டபுள் டேப்தான். வெட்டினால் ஓரத்தில் வெள்ளை தெரியும். அதே நிற மார்க்கரைப் படுக்கையாகப் பிடித்து ஓரத்தில் ஒருமுறை ஓட்டுங்கள், மறைந்துவிடும்.

தமிழ் நாளிதழில் சேலை வெட்டி ஒட்டினேன், அழகாக இருந்தது. இப்போது மஞ்சளடிக்கிறது.

செய்தித்தாளில் லிக்னின் (மரத்தில் இருக்கும் ஒரு பொருள்) அதிகம், வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகத்தான் செய்யும். பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அதை வெட்டுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஆண்டு இரண்டு (இரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்குக் கட்டர் கொடுக்க முடியாது. தைப்பூசத்துக்கு எளிதாக ஏதாவது சொல்லுங்கள்.

கிழிக்கச் சொல்லுங்கள் டீச்சர். பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்கு அதைவிடப் பொருத்தமான முறை இல்லை. மேலே சாம்பல் நிறமும் உள்ளே வெள்ளையுமான தாளில் சுண்ணாம்புப் பாறையைக் கையால் கிழித்தால், ஒரு பக்கத் துண்டில் வெள்ளை ஓரம் நிற்கும், மறுபக்கத்தில் நிற்காது. அந்த வெள்ளை ஓரத்தைப் பாறையின் மேல் விளிம்பாக வைத்தால் வெயில் பட்டது போலத் தெரியும். பச்சைத் துணுக்குகள் செடிகொடி.

படிகள் 272, அத்தனையையும் காட்ட முடியாது. 2018இல் படிகளுக்கு வண்ணம் பூசியபின் நமக்கு வேலை சுலபம்: ஏழெட்டு வண்ணப் பட்டைகள் போதும். மேல் பட்டையை முதலில் ஒட்டி, அடுத்ததை அதன் கீழ் ஓரத்தின் மேல் ஏற்றி ஒட்டிக்கொண்டே கீழே வரட்டும். கிள்ளான் அக்காவுக்குச் சொன்ன அதே விதிதான். முருகன் சிலைக்கு முகமெல்லாம் வேண்டாம். பொன்னிறத் தாளில் நிழலுருவமும் ஒரு வேலும் நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். 42.7 மீட்டர் சிலையாயிற்றே, படிகளைவிட உயரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எப்போதும் சின்னதாகத்தான் வைப்பார்கள்.

பினாங்கு, ஜார்ஜ் டவுன்: பழைய வீடுகளின் தரை ஓடுகளில் பூ டிசைன் இருக்கிறதே, அதை அட்டையில் கொண்டுவர ஆசை. கண்ணைக் கட்டுகிறது.

ஓட்டின் டிசைன் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்காதீர்கள். பெரும்பாலான ஓடுகளில் கால்பகுதி டிசைன்தான் நான்கு முறை சுழன்று வரும். அந்தக் கால்பகுதியில் இருக்கும் பெரிய வடிவம் இரண்டை மட்டும் வார்ப்பாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு வெட்டுங்கள். அடிச் சதுரத்தில் மூலைக்கு மூலை பென்சிலில் குறுக்குக் கோடு போட்டு, நடுவிலிருந்து வெளியே ஒட்டிக்கொண்டு போங்கள். நடுவில் நான்கு முனைகளும் சந்திக்கும் இடம் எப்படியும் பிசகும். அங்கே பஞ்ச் செய்த ஒரு வட்டத்தை ஒட்டி மூடிவிடலாம். வளைவு வெட்டும்போது கத்தரிக்கோல் கையை அசைக்காமல், காகிதத்தைத் திருப்புங்கள். நிறம் மூன்றுக்கு மேல் போனால் எனக்குப் பிடிக்காது, ஆனால் அது என் ருசி.

அலுவலகத்தில் மலாய்த் தோழி. ஹரி ராயாவுக்கு (நோன்புப் பெருநாளுக்கு) என்ன செய்யலாம்?

கெத்துப்பாட், ஓலையில் முடைந்து வேகவைக்கும் சோற்றுப் பொட்டலம். பச்சையிலும் இளமஞ்சளிலும் 1 சென்டிமீட்டர் பட்டைகள் வெட்டி, பாய் முடைவது போல மேலும் கீழுமாகக் கோத்து, பின்னால் டேப் போட்டுச் சேர்த்து, வைர வடிவில் வெட்டுங்கள். மேலே ஒரு நூல், கீழே இரண்டு வால். கொஞ்சம் பொறுமை இருந்தால் வாவ் பூலான் பட்டம் செய்யலாம். கிளந்தானில் அந்தப் பட்டத்தையே பளபளப்புத் தாளில் பூவும் கொடியுமாக வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டித்தான் அலங்கரிக்கிறார்கள். நம் வேலைக்கு அவர்கள்தான் மூத்தவர்கள்.

விற்கலாம் என்று பார்க்கிறேன். என்ன விலை வைப்பது?

காகிதத்துக்குச் சில காசுதான், நேரத்துக்குத்தான் விலை. ஓர் அட்டைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு துண்டு மயிலுக்கு நியாயமான விலை சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள், நான்கு துண்டு விளக்கு கட்டுப்படியாகும். அதையும் ஒவ்வொன்றாகச் செய்யாமல், இருபது சுடர், இருபது கிண்ணம் என்று மொத்தமாக வெட்டி வைத்துவிட்டு ஒட்ட உட்காருங்கள்.

மகள் பெர்த்தில் இருக்கிறாள். ஃபோம் டேப் வைத்து உயர்த்திய அட்டை தபாலில் நசுங்காமல் போகுமா?

2 மில்லிமீட்டர் ஃபோம் வேண்டாம் அம்மா, 1 மில்லிமீட்டர் போதும். உயர்த்துவதும் ஒரே ஒரு துண்டாக இருக்கட்டும், சுடரை மட்டும் என்று வையுங்கள். அட்டையின் முகத்தின் மேல் அதே அளவில் ஒரு மணிலா அட்டையை வைத்து, இரண்டையும் சேர்த்து உறைக்குள் போடுங்கள். ஒட்டிய பசை நன்றாகக் காய ஒரு நாள் விட்ட பிறகே உறையை மூடுங்கள், இல்லையென்றால் மணிலா அட்டையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.