வாசகர் கேள்வி – பதில்: லைராவின் கதையும் கடவுள் பற்றிய சச்சரவும்

சென்ற இதழில் இங்கிலாந்து எழுத்தாளர் பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ என்னும் மூன்று பாக இளையோர் மாயப் புனைவை அறிமுகப்படுத்தியிருந்தோம். நூல் அறிமுகங்களுக்கு வழக்கமாக வரும் கடிதங்களைவிட இம்முறை கூடுதலாகவும் சற்றுச் சூடாகவும் வந்திருக்கின்றன. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பதால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டு விவகாரங்களும் கலந்திருப்பதால் பெயர்களை விடுத்துப் பகுதியை மட்டும் குறித்திருக்கிறோம். கதையின் முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

சாந்தோம் வாசகி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் பள்ளித் தோழனிடமிருந்து முதல் பாகத்தை வாங்கிவந்து ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்ததைக் கேட்டு நச்சரிக்கிறான். எங்கள் அன்பியக் (பங்கு மக்களின் சிறு செபக் குழு) கூட்டத்தில் ஒருவர், ‘அது கடவுளைக் கொல்லும் கதை, வீட்டிலேயே வைக்காதீர்கள்’ என்கிறார். கொடுக்கலாமா, கூடாதா?

கொடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அன்பியத்தில் பேசியவர் இல்லாததைச் சொல்லிவிட்டார் என்று ஒதுக்கவும் முடியாது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பாகமான ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ நூலில், மக்கள் கடவுளென வணங்கும் ‘அத்தாரிட்டி’ மறைந்துபோவது உண்மைதான். அவர் உலகைப் படைத்தவர் அல்லர் என்பதைக் கதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. வானவர்களில் முதலாவதாகத் தோன்றி, தமக்குப் பின் தோன்றியவர்களிடம் ‘உங்களைப் படைத்தவன் நானே’ என்று சொல்லி ஆட்சியில் அமர்ந்தவர் அவர். போர்க்களத்துக்கு நடுவே ஒரு படிகப் பல்லக்குக்குள், மூப்பினால் அறிவு தளர்ந்து, அஞ்சி நடுங்கி அழுதுகொண்டிருக்கும் அந்த முதியவரை கதைநாயகியான சிறுமி லைராவும், வேறோர் உலகிலிருந்து வந்த அவள் தோழன் வில்லும் இன்னார் என்று அறியாமலே காண்கிறார்கள். இரக்கப்பட்டுப் படிகத்தை அறுத்து, கைகொடுத்து அவரை வெளியே இறக்குகிறார்கள். வீசும் காற்றைத் தாங்கக்கூட வலுவில்லாத அவர், விட்டால் போதும் என்பதுபோல் ஒரு பெருமூச்சோடு கரைந்துவிடுகிறார். ஆத்திரத்தோடு அந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கும் முதலில் தோன்றுவது பரிதாபமாகத்தான் இருக்கும். அதைக் கொலை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

புல்மனின் கோபம் முழுவதும் ‘மாஜிஸ்டீரியம்’ என்ற திருச்சபை அமைப்பின்மேல்தான் இறங்குகிறது. லைராவின் உலகில் ஜான் கால்வின் போப்பாண்டவராகித் தலைமைப்பீடத்தை ஜெனீவாவுக்கு மாற்றியதாகவும், அவர் இறந்தபின் அந்தப் பதவியே ஒழிந்து, ஒன்றோடொன்று போட்டியிடும் மன்றங்களின் கையில் அதிகாரம் போனதாகவும் கற்பனை. அங்கே ஒவ்வொருவரின் ஆன்மாவும் விலங்குருவில் உடலுக்கு வெளியே கூடவே நடமாடும். குழந்தைகளிடம் உருமாறிக்கொண்டே இருந்துவிட்டு, பருவம் எய்தியதும் ஒரே உருவில் நிலைத்துவிடும். பாவம் குழந்தைகளை அண்டாமல் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, வடதுருவப் பகுதியிலுள்ள ஒரு நிலையத்தில் அந்த ஆன்ம விலங்கைக் குழந்தையிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். பிறகு லைராவைக் கொல்ல ஒரு பாதிரியாரை அனுப்புகிறார்கள். அவர் இனிச் செய்யப்போகும் பாவத்துக்காகப் பல ஆண்டுகள் முன்கூட்டியே தவமுயற்சிகள் செய்து கணக்கில் சேர்த்துவைத்திருப்பவர். இதையெல்லாம் படித்து, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் ஒரு தாய் முகம் சுளித்தால் அதில் வியப்பில்லை.

ஆயினும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். லண்டன் நேஷனல் தியேட்டரில் இக்கதை நாடகமாக நடந்துகொண்டிருந்த 2004ஆம் ஆண்டில், அப்போது இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த ஆயரான கேன்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ் அதே அரங்கில் புல்மனோடு அமர்ந்து உரையாடினார். பள்ளிகளின் சமயக் கல்வி வகுப்பில் இந்நூல்களைப் பயன்படுத்தலாம் என்றும் கருத்துத் தெரிவித்தார். மதத்தின் பெயரால் நடக்கும் கொடுமையை எதிர்ப்பதற்கு மத நம்பிக்கையை இழந்தாக வேண்டுமா என்ற கேள்வியை ஒரு பேராயரால் நேருக்கு நேர் பேச முடியுமென்றால், உங்கள் மகனோடு நீங்களும் பேசலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அவன் மூன்றாம் பாகத்துக்கு வருவதற்குள் நீங்களும் அதைப் படித்திருக்க வேண்டும். ஒளித்துவைத்தால் தோழன் வீட்டில் படிப்பான். அப்போது அவனுடைய சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ள நீங்கள் அருகில் இருக்க மாட்டீர்கள்.

பெரம்பூர் வாசகர்: பகுத்தறிவைப் பரப்பும் நூல் என்று பாராட்டாமல், ‘குறையுள்ள படைப்பு’ என்று நீங்கள் எழுதியது பக்தர்களுக்குப் பயந்தா?

பயந்து எழுதவில்லை. இது பகுத்தறிவுப் பிரசார நூல்தானா என்பதிலேயே எங்களுக்கு ஐயம் உண்டு. வானவர்கள் வருகிறார்கள், சூனியக்காரிகள் பறக்கிறார்கள், லைராவைப் பற்றிய தீர்க்கதரிசனம் ஒன்று முதலிலிருந்தே தொடர்கிறது, கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைச் சொல்லும் முப்பத்தாறு சின்னங்கள் கொண்ட கருவி ஒன்று அவள் கையில் இருக்கிறது. ஈரோட்டுப் பாதையில் வந்தவர்கள் இவற்றில் எத்தனையை ஒப்புக்கொள்வார்கள்?

குறை என்று நாங்கள் சொன்னது வேறு. ஏறத்தாழ ஆயிரம் பக்கங்களைக் கடக்கும் இம்மூன்று நூல்களிலும், மனத்தில் நிற்கும்படியான ஒரு நல்ல பாதிரியாரோ, நேர்மையான ஒரு கன்னியாஸ்திரியோ நமக்குக் கிடைப்பதில்லை. முதல் பாகத்தில் லைராவின் தாய் திருமதி கோல்ட்டர் எவ்வளவு சிக்கலான பாத்திரம்! மகள்மேல் உள்ள அன்பும் பதவி வெறியும் அவருக்குள் மோதுவதைக் காட்டத் தெரிந்த எழுத்தாளருக்கு, சபையைச் சேர்ந்த ஒருவருக்குள்ளும் மனசாட்சி மோதுவதைக் காட்டத் தோன்றவில்லையா? மூன்றாம் பாகத்தின் சில இடங்களில் கதை நின்றுவிட, ஆசிரியரே மேடையேறிப் பேசத் தொடங்குகிறார்.

அதே பாகத்தில், பேச்சையே கதையாக்கிய ஓர் இடமும் உண்டு. முன்பு கன்னியாஸ்திரியாக இருந்து பிறகு அறிவியல் ஆய்வாளரான மேரி மலோன், தாம் சபையைவிட்டு விலகிய கதையைச் சிறுவர்களுக்குச் சொல்கிறார். லிஸ்பனில் ஒரு மாநாட்டுக்குச் சென்றபோது விருந்தில் வாதுமைப் பருப்பு இனிப்பைச் சுவைத்ததும், பன்னிரண்டு வயதில் ஒரு பையன் அதே இனிப்பைத் தம் வாயில் ஊட்டிவிட்ட நாள் நினைவுக்கு வந்ததாம். இதையெல்லாம் இழந்து வாழ்வதால் யாருக்கு என்ன நன்மை என்று அப்போது எழுந்த கேள்விதான் அவரை வெளியே கொண்டுவந்தது. சபையைத் திட்டி ஒரு சொல்லும் இல்லாமல் அவ்விடம் சாதிப்பதை, பக்கம் பக்கமான சபைக் கொடுமைகள் சாதிக்கவில்லை என்பது எங்கள் துணிபு. இதில் சுவையான பின்கதையும் உண்டு. 2017இல் வெளிவந்த ‘லா பெல் சாவேஜ்’ என்னும் முன்கதை நூலில், குழந்தை லைராவைக் காப்பாற்றிப் பேணுபவர்கள் அன்பே உருவான கன்னியாஸ்திரிகள்தாம். முதல் மூன்று நூல்களில் விடுபட்ட இடம் ஆசிரியருக்கே உறுத்தியிருக்குமோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

மேற்கு மாம்பலம் வாசகர்: இது கிறித்தவர்களின் உள்வீட்டுச் சண்டை. ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய எனக்கும் என் பேரப்பிள்ளைகளுக்கும் இதில் என்ன இருக்கிறது?

மூலத்தில் உள்வீட்டுச் சண்டைதான், ஐயா. தொகுப்பின் பெயரே மில்டன் 1667இல் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் ஒரு தொடரிலிருந்து எடுக்கப்பட்டது. ஏவாள் கனியை உண்டது வீழ்ச்சி என்று காவியம் சொல்ல, அறிவு பெற்றதை ஏன் வீழ்ச்சி என்கிறீர்கள் என்று புல்மன் திருப்பிக் கேட்கிறார். லைரா இரண்டாம் ஏவாள்.

ஆனால் தெய்வத்தை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது தமிழாசிரியருக்குப் புதிதா? பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் ‘பரந்து கெடுக உலகியற்றியான்’ என்று வள்ளுவரே சபிக்கிறாரே (1062). நம் நகரத்தின் வடக்கு எல்லையிலேயே இன்னொரு கதை இருக்கிறது. திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரர் பார்வையை இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணை மட்டும் பெற்றுத் திருவாரூருக்குப் போய்ச் சேர்ந்தவர், அடியாரை இப்படி வாடவிட்டு நீர் மட்டும் ‘வாழ்ந்து போதீரே’ என்று பாட்டுக்குப் பாட்டு இறைவனை இடித்துரைத்தார். மற்றக் கண்ணும் கிடைத்தது! அந்தப் பதிகத்தைக் கோயிலிலேயே பாடுகிறோம்; யாரும் தடைசெய்யச் சொல்வதில்லை.

வேறுபாடும் இங்கேதான் தெரிகிறது. சுந்தரர் தம்பிரான் தோழர். எவ்வளவு திட்டினாலும் உறவை முறித்துக்கொள்ள மாட்டார். புல்மனின் சிறுவர்களுக்கு அந்த முதியவரோடு எந்த உறவும் இல்லை; இரக்கம் மட்டுமே இருக்கிறது. கடவுளோடு சண்டைபோடுகிறவனுக்கும் கடவுள் இல்லாமலே வாழப் பழகியவனுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்? வள்ளுவரையும் சுந்தரரையும் வைத்துக்கொண்டு ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருக்கிறது’ என்று முடித்துவிடாமல் பேசினால் நல்லது.

கொளத்தூர் வாசகி (பதினொன்றாம் வகுப்பு): மதம் கிதம் எல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. லைராவையும் வில்லையும் ஏன் பிரித்தார்? இரவெல்லாம் அழுதேன்.

உங்களுடைய கடிதம்தான் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. வேற்றுலகில் வாழ்பவர் பத்து ஆண்டுகளுக்குள் நலிந்து இறப்பார். உலகங்களுக்கு இடையே ஒரு மாயக் கத்தியால் திறந்த சாளரங்களின் வழியே உயிர்ப்பொருளான ‘டஸ்ட்’ கசிந்துபோகும் என்பதால் எல்லாவற்றையும் மூடியாக வேண்டும். ஒன்றே ஒன்றைத் திறந்துவைக்கலாம். அதைத் தங்களுக்கென வைத்துக்கொள்வதா, இறந்தவர்கள் இருண்ட உலகிலிருந்து வெளியேறுவதற்கு விடுவதா என்று வரும்போது அவர்கள் இரண்டாவதைத் தேர்கிறார்கள். ஆண்டுதோறும் நடுக்கோடை நாளின் நண்பகலில், அவரவர் உலகத்து ஆக்ஸ்போர்டின் தாவரவியல் தோட்டத்தில், ஒரே இருக்கையில் ஒரு மணி நேரம் அமர்வதென்று உறுதி செய்துகொண்டு பிரிகிறார்கள். சொர்க்கத்தில் சேர்ந்துகொள்வோம் என்ற ஆறுதலைக்கூட ஆசிரியர் அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை. மதம் பொருட்டில்லை என்கிறீர்கள். நீங்கள் அழுததற்குக் காரணமே அதுதான்.

அடையாறு வாசகர்: படம் பார்த்தால் போதாதா?

போதாது. 2007 டிசம்பரில் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ திரைப்படத்தில் சபையைப் பற்றிய பகுதிகளை மழுங்கடித்து, முதல் நூலின் துயரமான இறுதி அத்தியாயங்களையும் வெட்டிவிட்டார்கள். அப்படியும் அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் நடத்தியது. நூல்களை விரும்பியவர்களுக்கோ படம் உப்புச்சப்பில்லாமல் போயிற்று. காட்சித் தந்திரங்களுக்கு ஆஸ்கர் கிடைத்தது, அடுத்த பாகங்கள் வரவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த 2008ஆம் ஆண்டுப் பட்டியலில், அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்களில் இத்தொகுதி இரண்டாம் இடம் பிடித்தது. 2019 முதல் 2022 வரை வந்த பிபிசி–எச்பிஓ தொடர் எவ்வளவோ மேல். அதையும் நூலைப் படித்த பிறகு பாருங்கள்.

சூளைமேடு வாசகி: என் பெண்ணுக்குப் பத்து வயது. நார்னியாவை முதலில் கொடுப்பதா, இதையா?

நார்னியாவை முதலில் கொடுங்கள். சி. எஸ். லூயிஸின் அந்த ஏழு நூல்களும் (1950–56) அவள் வயதுக்கு ஏற்றவை. லைராவின் கதையைப் படிக்க அவளுக்குப் பன்னிரண்டு வயதாவது ஆகட்டும். லூயிஸின் நூல்களைப் புல்மன் 1998இல் ஒரு கட்டுரையில் கடுமையாகச் சாடியிருக்கிறார். இருந்தும் அங்கே லூசி என்னும் சிறுமி ஓர் அலமாரிக்குள் நுழைந்துதான் வேற்றுலகுக்குப் போகிறாள். இங்கே லைராவும் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டுதான் கல்லூரி அறிஞர்களின் இரகசியப் பேச்சைக் கேட்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் பெண் இதைத் தானே கண்டுபிடிப்பாள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். ஜனவரிப் புத்தகக் காட்சியில் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு பார்வை பாருங்கள். முதல் பாகத்தின் தொடக்கம் சற்று மெதுவாக நகரும். சலித்துக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம். கவசம் அணிந்த கரடி வரும்வரை மட்டும் பொறுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.