பழைய ரீகர்வ் வேட்டை வில்லை மரம் தெரியும்வரை தேய்த்துப் புதிதாகப் பூசலாமா?

வார்னிஷ் வெடித்து உரிந்த பழைய ரீகர்வ் வில் (நுனிகள் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்த வில்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது, முழுவதும் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உப்புத்தாளை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

உங்கள் வில்லும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வைத்திருந்ததாகத்தான் இருக்கும். என்னுடையது பெரியப்பாவின் வில். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் ஊரில் ஃபிரெட் பேர் என்ற வில் தயாரிப்பாளர் நடத்திய தொழிற்சாலையில் செய்தது. பெரியப்பா போன பிறகு பெரியம்மா அதை என்னிடம் கொடுத்து, "நீதான் இதைத் துடைத்து வைப்பாய்" என்றார். நான் துடைப்பதோடு நிறுத்தவில்லை.

பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளான தண்டுகளின் மேற்பூச்சு சிலந்தி வலைபோல் வெடித்திருந்தது. அழுக்கும் மஞ்சளும் ஏறியிருந்தன. 220 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கீழ்த் தண்டில் தொடங்கினேன். பிடிக்கு அருகில் வெள்ளை மையில் கைப்பட எழுதிய வரி ஒன்று இருந்தது: வரிசை எண், வில்லின் நீளம், இழுவிசை. அது பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பூச்சு அங்கே ஏற்கெனவே மெலிந்திருந்தது. நாலு இழுப்பு. பால் நிறத்தில் தண்ணீர் வழிந்தது, துடைத்துப் பார்த்தால் எழுத்து இல்லை. அந்தத் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, இழுத்து அளந்து, தன் கையால் எழுதியது. பல பத்தாண்டுகள் தாங்கியதை நான் ஒரு நிமிடத்தில் அழித்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தண்டில் 'கனடா 1953' என்று அச்சிட்டிருந்ததால், அது 1953இல் செய்த வில் என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அது காப்புரிமை பெற்ற ஆண்டு. பல ஆண்டுகள் கழித்துச் செய்த விற்களிலும் அதே வரி இருக்கும். தொழிற்சாலை 1978இல் புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்கு மாறியது. அதற்கு முந்தையது என்பதற்கு மேல் என் வில்லின் வயதைச் சொல்ல உதவியிருக்கக்கூடியது அந்த வரிசை எண். அதைக் குறித்துவைக்கவோ ஒரு படம் எடுத்துவைக்கவோ எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே, அழகைப் பற்றிப் பிறகு யோசியுங்கள். முதலில் வில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை வில்லின் தண்டில் நடுவே மெல்லிய மரப் பட்டைகளும், இரு முகத்திலும் ஃபைபர் கிளாஸும் (கண்ணாடி இழை) அடுக்கி ஒட்டப்பட்டிருக்கும். விளிம்பில் நகத்தை ஓட்டிக்கொண்டே நுனிவரை போங்கள். எங்காவது நகம் இடறினால் ஒட்டு விட்டிருக்கலாம். வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த வில்லில் இதைக் கட்டாயம் பாருங்கள், சூடு பசையை இளக்கிவிடும். கண்ணாடி இழையில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பயமுறுத்துவதோடு சரி. குறுக்கே ஓடும் விரிசல் அப்படியல்ல. அது இருந்தால் நாணேற்றவே வேண்டாம், சுவரில் மாட்டுங்கள்.

மூலையில் சாய்த்தே வைத்திருந்த வில்லின் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கலாம். நாணேற்றி, நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நாண் தண்டின் நடுவே போகிறதா என்று தெரியும். சிறிய முறுக்கை மிதமாகச் சூடேற்றி, எதிர்ப்புறம் திருப்பி, ஆறும்வரை பிடித்துச் சரிசெய்யலாம். எனக்கு மூன்று நாள் பிடித்தது. காலுக்கிடையில் வளைத்து நாணேற்றுகிறவர்கள்தாம் பாதி விற்களை முறுக்குகிறார்கள். அதற்கென்று இருக்கும் நாணேற்றும் கயிற்றைப் பயன்படுத்துங்கள்.

இனி பூச்சு. உரிக்கும் திரவத்தைத் தடவினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கீழே யாராவது எழுதுவார்கள். நாற்காலிக்கு அது சரி. இங்கே வில்லைத் தாங்குவதே பசைதான், அந்தத் திரவம் பசைக்கோட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்று உறுதிசொல்ல யாராலும் முடியாது. நான் பயந்தாங்கொள்ளி என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். பிடிக்கட்டையில் கூரான தகட்டால் பழைய பூச்சை மென்மையாகச் சுரண்டுங்கள். தண்டுகளில் மிக நுண்ணிய ஸ்டீல் வுல், 0000 எண், போதும். பளபளப்பு மங்கியதும் நிறுத்திவிடுங்கள். கண்ணாடி இழையைத் தேய்த்து மெலிய வைத்தால் இழுவிசை குறையும், இழை வெளியே வரும், அந்தத் தூள் நுரையீரலுக்கும் கேடு. முகமூடி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். எழுத்து இருக்கும் இடத்தை நாடா ஒட்டி மறைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அங்கே கொஞ்சம் மஞ்சள் இருந்தால் இருக்கட்டும்.

முந்தைய உரிமையாளர் குறிபார்க்கும் கருவிக்காகப் பிடிக்கட்டையில் துளை போட்டிருந்தால், அதே மரத்தூளை எபாக்ஸியில் குழைத்து அடைக்கலாம். பிறகு எண்ணெய்ப் பூச்சு: விரலால், மிக மெல்லியதாக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. நான் எட்டு முறை பூசினேன். நாலாவது பூச்சில் மரத்தின் ரேகைகள் எழுந்து வந்தபோது பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

வேலை முடிந்த வாரம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், என்னைக் கேட்காமலே வில்லை எடுத்து, அம்பில்லாமல் இழுத்து நாணை விட்டுவிட்டார். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் திரும்பத் தண்டுகளுக்குள்ளேயே அடிக்கும். வில்லை உடைக்க அதைவிட எளிய வழி இல்லை. "சும்மா பார்த்தேன்" என்றார். என் அப்பாவின் மைப்பேனாவையும் இப்படித்தான் ஒருவர் சும்மா எழுதிப் பார்த்து முள்ளை வளைத்துக் கொடுத்தார். பிறர் பொருளைத் தொடும் முன் கேட்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கேட்டால் நானே அம்பு கொடுத்து, நிற்கக் கற்றுக்கொடுத்திருப்பேன். அன்றிரவு உருப்பெருக்கியோடு உட்கார்ந்து ஒட்டு முழுவதும் பார்த்தேன். வில் தப்பியது.

வேட்டை வில் என்றதும் கோபப்படுகிறவர்களுக்கு: வைக்கோல் இலக்கைத் தவிர வேறெதையும் நான் எய்ததில்லை.

நாண் விஷயத்தில் மட்டும் சிக்கனமோ ஆசையோ வேண்டாம். நுனி வலுவூட்டப்படாத பழைய விற்களுக்கு டேக்ரான் (சற்று நீளும் பாலியெஸ்டர் இழை) நாண்தான். இன்றைய நீளாத இழை நாண்கள் வேகமானவை, ஆனால் பழைய நுனியைப் பிளந்துவிடும். நாணின் நீளத்துக்கு வில்லின் நீளம் தெரிய வேண்டும், பெரும்பாலும் அதைவிட நான்கு அங்குலம் குறைவாக இருக்கும். அந்த நீளம் உங்கள் தண்டில் எழுதியிருக்கும். என் வில்லுக்கு நான் வளைவோடு அளவுநாடாவை வைத்து நுனிமுதல் நுனிவரை அளந்தேன், 60 அங்குலம் வந்தது; இழுவிசையைத் தொங்கு தராசில் மாட்டி, 28 அங்குலம் இழுத்துப் பார்த்தேன். 43 பவுண்டு. இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி வில்லின் உறைக்குள் வைத்திருக்கிறேன்.