ஸ்க்ரோல் சா மரவேலையை வீட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கலாமா? முகாம் போகும் இடத்திலும் செய்ய முடியுமா?

தாராளமாகத் தொடங்கலாம். முகாமிலும் செய்யலாம், ஆனால் வீட்டுக்கு மெஷின், கூடாரத்துக்குக் கைவாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மாட்டுவது அதே 5 அங்குல பிளேடுதான். அதனால் ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறாது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் ஆறு வருடமாக இந்த வேலை ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மெஷினைப் பார்த்திராதவர்களுக்கு: தையல் மெஷின் ஊசி மாதிரி, நூல்போன்ற ஒரு பிளேடு நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மெஷின்களில் நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை. நாம் மரத்தைத் தட்டில் படிய வைத்து, கோட்டுக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். மரத்தின் நடுவில் ஒரு துளை போட்டு, பிளேடை அதற்குள் விட்டு மாட்டினால், ஓரத்தை வெட்டாமலே உள்ளே மட்டும் அறுத்து எடுக்கலாம். பூவேலை எல்லாம் அப்படித்தான் வருகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். சில மெஷின்களில் இரண்டு முனையிலும் குறுக்குக் கம்பி வைத்த பிளேடு மட்டுமே மாட்டலாம். நான் முதலில் வாங்கியது அந்த வகை. கடையில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்தக் கம்பி நுழைய வேண்டுமானால் துளை பெரிதாக இருக்க வேண்டும். நெருக்கமான வேலைக்கு அது ஆகாது. மொட்டை முனை பிளேடு பிடிக்கிற மெஷினாக வாங்கினால் 1 மில்லிமீட்டர் துளையிலேயே மெல்லிய பிளேடு நுழைந்துவிடும். மெஷினில் 16 அங்குலம் என்று போட்டிருந்தால், பிளேடிலிருந்து பின்பக்கச் சட்டம் வரை உள்ள இடைவெளி என்று அர்த்தம். வீட்டு வேலைக்கு அது போதும்.

இங்கே ஆத்தங்குடி கல் பதித்த தரையும் வாசல் கோலமும் இருக்கும்போது டிசைனுக்கு எங்கே போக வேண்டும்? நான் எடுத்தது அப்பத்தாவின் கோல நோட்டு. ஐந்துக்கு ஐந்து, 25 புள்ளி வைத்த சிக்குக் கோலம் ஒன்றை 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டினேன். கோட்டை வெட்டினால் கோலம் உதிர்ந்துவிடும். கோடு மரமாக நிற்க வேண்டும், இடைவெளிதான் விழ வேண்டும். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு துளை, ஒவ்வொரு துளைக்கும் பிளேடைக் கழற்றி மாட்டுவது. இரண்டு நாள் காலை வேலை. முடித்து அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா, புள்ளியைக் காணோம்? புள்ளி இல்லாம எப்புடிக் கோலம் நிக்கும்?" என்று கேட்டது.

உண்மைதான். இடைவெளியோடு சேர்ந்து 25 புள்ளியும் விழுந்திருந்தது. அடுத்த பலகையில் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வட்டமாக வெட்டி வந்து, முழு வட்டம் முடியும் முன்னே நிறுத்தினேன். 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு காம்பு, அந்தக் காம்பில் தொங்கும் புள்ளி. காயும் காம்பும் மாதிரி 25. ஒன்றுகூட முறியக் கூடாது என்று 1-ஆம் நம்பர் பிளேடு போட்டு, வேகத்தைக் குறைத்து வைத்து வெட்டினேன். அப்பத்தா ஒரு மூலையில் விரலை வைத்து, கோட்டின் மேலேயே இழை அறாமல் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பலகை இப்போது சாமி அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

பிளேடு நம்பர் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண் ஏற ஏற பிளேடு தடிக்கும். 3 முதல் 6 மில்லிமீட்டர் பலகைக்கு 1, 2, 3 போதும். 18 மில்லிமீட்டர் தேக்குக்கு 5 அல்லது 7. பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். மாட்டியதும் விரலால் மீட்டினால் வீணைத் தந்திபோல் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் இறுக்குங்கள். பெரும்பாலான பிளேடுகளில் ஒரு பக்க விளிம்பு சொரசொரப்பாக இருப்பதால் நேர்கோடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பலகையைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளப் பழகினால் சரியாகிவிடும். எங்கள் வீட்டு நிலைக்கதவைப் பழுதுபார்க்க வந்த ஆசாரி ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "மரத்தத் தள்ளாதீங்க தம்பி, வாளு தானா திங்கட்டும்" என்றார். அன்றிலிருந்து பிளேடு முறிவது பாதியாகக் குறைந்தது.

மரத்துக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குச் சட்டங்கள், உடைந்த சன்னல் துண்டுகள் கிடைக்கும். உடைந்ததை மட்டும் வாங்குங்கள். முழுதாக இருக்கிற ஒரு செதுக்கு வேலையை அறுத்துத் தட்டு செய்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எத்தனையோ நாள் ஒருவர் உளி பிடித்துச் செய்தது அது. பழைய மரத்தில் காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகே பிளேடை வையுங்கள். உள்ளே பழைய ஆணி இருக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் பெயிண்ட் அடித்த துண்டுகளை நான் தொடுவதே இல்லை. தேக்கில் மணல்சத்து இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். அதன் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். முகக்கவசம், கண்ணாடி இரண்டும் இல்லாமல் உட்காராதீர்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மாம்பலகை நல்லது.

வெட்டும்போது மரம் கருகினால், ஒட்டிய டிசைன் காகிதத்துக்கு மேலே பார்சல் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். டேப்பின் வழுவழுப்பில் பிளேடு சூடேறாமல் ஓடும்.

சத்தம் குறைவுதான், அதிர்வுதான் தொல்லை. மெஷினைக் கனமான மேசையில் போல்ட் போட்டு, மேசைக் காலுக்கு ரப்பர் வைத்தேன். முதலில் வளவில், அதாவது நடுமுற்றத்தில், வைத்து ஓட்டியபோது வீடு முழுக்க எதிரொலித்தது, பின்கட்டுக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

இனி முகாம். என் மெஷின் 13 கிலோ, கரண்டும் வேண்டும். தூக்கிக்கொண்டு போகலாம் என்றாலும் நான் போக மாட்டேன். மலையில் குருவிச் சத்தம் கேட்க உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கு மோட்டார் இரைச்சல் எதற்கு? சட்டத்தில் பிளேடு மாட்டிய கைவாள் போதும். நகைப் பட்டறையில் பொன் அறுக்க வைத்திருக்கும் சட்டத்தின் பெரிய வடிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு முழ நீளப் பலகை, அதன் முனையில் ஆங்கில V வடிவ வெட்டு. அந்தப் பலகையை ஜி கிளாம்ப் போட்டு பெஞ்சில் இறுக்கி, வெட்டுகிற துண்டை V-க்கு மேலே வைத்து, சட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். பல் கீழ்நோக்கி இருப்பதால் இழுக்கும்போதுதான் அறுக்கும். தாழ்வாக உட்கார்ந்து, பலகை நெஞ்சு உயரத்தில் இருந்தால் மணிக்கட்டு வலிக்காது. துளை போடக் கையால் சுற்றும் டிரில் ஒன்று.

போன தை மாதம் சிறுமலையில் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு இரவு தங்கினோம். கொண்டை ஊசி வளைவு 18 ஏறிப் போனால் நல்ல குளிர். போன அன்றே கூடாரக் கயிற்றை இறுக்கும் கட்டை ஒன்று தொலைந்திருந்தது. விரல் நீளத்துக்குத் தேக்குத் துண்டு ஒன்றை வளைவாக அறுத்து, இரண்டு துளை போட்டேன். கயிறு ஒரு துளையில் நுழைந்து, முளையைச் சுற்றி வந்து, மற்றத் துளையில் முடிச்சாக நிற்கும். கட்டையை மேலே தள்ளினால் சாய்ந்து கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கடையில் வாங்கியதைவிட நன்றாகப் பிடித்தது. பிறகு எல்லாக் கயிற்றுக்கும் செய்தேன்.

பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு வரைபடம். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்து, பாடம் சொல்லித்தர விற்றார். இன்றைய ஜிக்சா புதிர் அங்கிருந்து வளர்ந்ததுதான். அதே முறையில் பிளைவுட்டில் ஒட்டி, 38 மாவட்டத்தையும் தனித்தனியாக அறுத்தோம். முதலில் நான்கு பெரிய பாகமாகப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றாக. மகள் சிவகங்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "செட்டிநாடு இதுதானேப்பா?" என்றாள். பக்கத்தில் புதுக்கோட்டையையும் வைத்துக் காட்டினேன். நம் ஊர்கள் இரண்டு துண்டிலும் கிடக்கின்றன என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. சென்னைத் துண்டு சுண்டுவிரல் நகம் அளவுதான், மூன்று முறை புல்லில் விழுந்து மூன்று முறையும் தேடி எடுத்தோம்.

முகாமில் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மெருகுக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தடவினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். கல்லின் மேல் விரித்துக் காயவைத்துப் பிறகு எடுத்துவாருங்கள். நான் இப்போது மெருகை வீட்டுக்கு வந்துதான் போடுகிறேன். இன்னொன்று, முறிந்த பிளேடு. மயிர்போல இருப்பதால் புல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. மாட்டின் வாயிலோ பிள்ளையின் காலிலோ போய்விடும். மூடி போட்ட மாத்திரை டப்பா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். எத்தனை பிளேடு மாட்டினேன், டப்பாவில் எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே கூடாரத்தைக் கழற்றுவோம்.