தையல் அக்கா பதில்கள்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாரமகால் (நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயர்) காலத்து நாடகம் ஒன்று போடுகிறோம். ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோவின் மனைவியாக நடிக்கும் மாணவிக்கு, முதுகில் கயிறு கோத்து இறுக்கும் வெள்ளைக்காரி ரவிக்கை தைத்தோம். கடையில் கொடுத்து ஐலெட் (கயிறு கோக்கும் ஓட்டைக்கான உலோக வளையம்) அடித்தோம். கயிற்றை இழுத்ததும் இரண்டு ஐலெட் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மற்றவை நின்றாலும் ஒரு ஓரம் மேலே ஏறி, கோணலாகிவிடுகிறது. என்ன செய்யலாம் அக்கா? (ஆசிரியை, பாலக்கோடு)

பதில்: டீச்சர், முதலில் கதையைச் சரி செய்துவிடுவோம். மன்றோ பாரமகாலுக்கு வந்தது 1792-இல், இங்கே நிர்வாகம் பார்த்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக. நம்ம தருமபுரியில் இருந்துவிட்டு 1799-இல் கிளம்பிவிட்டார். அவருக்குக் கல்யாணம் ஆனதோ 1814-இல். இங்கே இருந்தவரைக்கும் ஒண்டிக்கட்டைதான். அந்த அம்மாவை யாராவது ஒரு கேப்டன் மனைவியாக்கிவிடுங்கள், வசனத்தில் ஒரு வரி மாற்றினால் போதும்.

அந்த ரவிக்கைக்கு ஸ்டேஸ் என்று பெயர், கவுனுக்கு உள்ளே போடுவது. உலோக ஐலெட் புழக்கத்துக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் எல்லாமே கையால் தைத்த கண்கள். ஐலெட் அடிக்கும்போது துணியில் ஓட்டை வெட்டுகிறோம், பாவும் ஊடையும், அதாவது நெடுக்கிழையும் குறுக்கிழையும், அறுந்துபோகிறது. அப்புறம் இழுத்தால் பிய்யாமல் என்ன செய்யும்? கைக்கண்ணுக்கு வெட்டவே கூடாது. குத்தூசியை நுழைத்து மெல்லத் திருகுங்கள், இழைகள் அறுபடாமல் விலகி வழிவிடும். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விரியுங்கள், தைக்கத் தைக்கச் சுருங்கும். தேன்மெழுகு தடவிய இரட்டை நூலால், துணியில் குத்தி ஓட்டை வழியே வெளியே எடுத்து, சுற்றிச் சுற்றி நெருக்கமாகத் தையுங்கள். ஒவ்வொரு தையலையும் வெளிப்பக்கமாகச் சுண்டி இழுக்க வேண்டும். பாதிச் சுற்றில் குத்தூசியை மறுபடி நுழைத்தெடுங்கள். முடிச்சு வேண்டாம், நூல் வாலைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் செருகிவிடுங்கள்.

கோணலுக்குக் காரணம், கண்களை நேருக்கு நேர் வைத்திருப்பீர்கள். நம் ஷூவில் மாதிரி இரண்டு நுனியும் குறுக்கே மாறிப் போனால் அது சரி. ஆனால் அந்தக் காலத்து ஸ்டேஸில் ஒரே நுனிதான் சுற்றிச் சுற்றிப் போகும். அதற்குக் கண்கள் அரை அளவு தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். ஓரத்துக்குப் பதினைந்து கண் என்று வையுங்கள். இடது ஓரத்தில் முதல் இரண்டுக்கும் நடுவில் அரை இஞ்சு, பிறகெல்லாம் ஒரு இஞ்சு. வலது ஓரத்தில் மேலிருந்து எல்லாம் ஒரு இஞ்சு, கடைசி இரண்டுக்கு நடுவில் மட்டும் அரை. மேல் ஜோடியும் கீழ் ஜோடியும் நேராக நிற்கும், நடுவில் உள்ளவை மாறி மாறி வரும். இரண்டு பக்கமும் மொத்த நீளம் பதிமூன்றரை இஞ்சுதான். தைக்கும் முன் இரண்டு ஓரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சாக்பீஸில் குறித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஓரத்துக்கும் கண் வரிசைக்கும் நடுவில் ஒரு குச்சி, கண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு குச்சி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி சுருங்கிக் குவியும். அவர்கள் திமிங்கிலத்தின் வாய்த்தகடு வைத்தார்கள். நீங்கள் வழவழப்பாகச் சீவிய மூங்கில் சிம்பு வையுங்கள், அல்லது கேபிள் டையை நறுக்கி நுனியை மழுக்கிச் செருகுங்கள். கயிறு மூன்று மீட்டருக்குக் குறைய வேண்டாம், பெண் உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்த்த வேண்டுமே.

கேள்வி: கண்ணைச் சுற்றிக் காஜா தையல் போட்டால் இன்னும் பலமாக இருக்காதா? (வாசகி, ஓசூர்)

பதில்: இருக்கலாம், ஆனால் அந்த முடிச்சு வரம்பு கயிற்றை உரசும். பழைய உடைகளில் பெரும்பாலும் சாதாரணச் சுற்றுத் தையலையே பார்க்கிறோம். பலம் வேண்டுமென்றால் கண்ணின் மேல் மெல்லிய பித்தளை வளையம் ஒன்றை வைத்து, அதையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள்.