ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஒரு நிரலின் வேகத்தையும் நினைவகப் பயன்பாட்டையும் நம்பத்தகுந்த முறையில் அளப்பது எப்படி?

கட்டளைகள் எளியவை. ஆனால் ஒரு செல்லில் (நிரலைத் துண்டுதுண்டாக எழுதி ஓட்டும் பெட்டியில்) உருவானது அடுத்த செல்லிலும் உயிரோடு இருப்பதால், அளவீடு தொடங்கும்போது கெர்னல், அதாவது பின்னணியில் நிரலை இயக்கும் செயல்முறை, எந்த நிலையில் இருந்தது என்று தெரியாமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது.

வேகத்துக்கு, நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டி நேரம் பார்க்கும் %டைம்இட் கட்டளை போதும். குறைந்தது 0.2 வினாடியாவது ஓடும்படி சுற்றுகளின் எண்ணிக்கையை அதுவே தீர்மானித்து, அந்தத் தொகுதியை 7 முறை ஓட்டி, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் காட்டும். கணினியில் ஓடும் பிற வேலைகள் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பதால், இரண்டு நிரல்களை ஒப்பிடும்போது நான் சராசரியை விட்டுவிட்டு மிகக் குறைந்த நேரத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பட்டியலை அதே இடத்தில் வரிசைப்படுத்தும் சார்ட் செயற்கூறை இப்படி அளந்தால், முதல் சுற்றிலேயே பட்டியல் வரிசைக்கு வந்துவிடும். பிந்தைய சுற்றுகள் ஏற்கெனவே வரிசையாக உள்ளதையே பெறுவதால், பைத்தானின் டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் வழிமுறை அதை ஒருமுறை கடந்து பார்த்ததுமே முடித்துவிடும். செல் முழுவதையும் அளக்கும் %%டைம்இட்டின் முதல் வரியில் பட்டியலை நகலெடுத்து, சுற்று எண்ணிக்கையை 1 என்று நாமே கொடுத்தால்தான் ஒவ்வொரு முறையும் புதிய பட்டியல் கிடைக்கும்.

நினைவகம் இன்னும் நுட்பமானது. மெமரி புரொஃபைலர் என்ற கூடுதல் தொகுப்பின் %மெம்இட், இயங்குதளம் அந்தச் செயல்முறைக்கு உண்மையில் வழங்கியுள்ள நினைவகத்தைப் பார்க்கிறது. பைத்தானுடனேயே வரும் டிரேஸ்மேலாக்கோ, பைத்தான் கேட்டுப் பெற்றதைக் கணக்கெடுக்கிறது. லினக்ஸில் எண் அணிகளுக்கான நம்பை நூலகத்தின் ஜீரோஸ் (சுழியங்களால் ஆன அணியை உருவாக்கும் செயற்கூறு) மூலம் 1 கோடி எண்கள் கொண்ட அணியை உருவாக்கினால், டிரேஸ்மேலாக் உடனே 8 கோடி பைட் என்று காட்டும்; %மெம்இட்டில் உயர்வு ஏறத்தாழ எதுவுமே தெரியாது, ஏனெனில் அணியில் எழுதும்வரை நினைவகப் பக்கங்கள் (இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்து வழங்கும் துண்டுகள்) ஒதுக்கப்படுவதில்லை. இரண்டுமே சரியான விடைகள்தான். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதை முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

செல்லின் கடைசி வரியாக எழுதிய கோவையின் மதிப்பை, நோட்புக்குக்குப் பின்னால் பைத்தானை இயக்கும் ஐபைத்தான் தன் வெளியீட்டுச் சேமிப்பிலும் வைத்துக்கொள்வதால், மாறியை நீக்கினாலும் அணி விடுபடாமல் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு நினைவக அளவீட்டுக்கு முன்னும் கெர்னலை மறுதொடக்கம் செய்யுங்கள்.

நினைவகப் பயன்பாட்டை வரிவரியாகப் பார்க்க மெமரி புரொஃபைலரின் %எம்பிரன் உதவும். அதற்கு மட்டும் செயற்கூறைத் தனிக் கோப்பில் எழுதி இறக்குமதி செய்ய வேண்டும், செல்லுக்குள் எழுதியதை அது ஏற்காது.