தகரம் அறுக்கும்போது ஆக்ஸா பிளேடின் பல் ஏன் உடைகிறது?

பெரும்பாலும் பல் எண்ணிக்கை பொருந்தாததுதான் காரணம். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பற்கள் என்பதே அந்த எண். பிளேடின் மேலேயே 18, 24, 32 என்று அச்சிட்டிருக்கும்.

அறுக்கும்போது குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். 18 பல் பிளேடில் பல்லுக்குப் பல் ஏறத்தாழ 1.4 மி.மீ. இடைவெளி. 1 மி.மீ. தகரம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். அடுத்த தள்ளலில் பல் அதன் விளிம்பில் மோதி ‘டக்’கென்று முறியும். சாக்கடைக் கம்பித் தட்டியின் மேல் சைக்கிள் ஓட்டுவது போலத்தான்: மெல்லிய சக்கரம் இடுக்கில் சிக்கும், அகலமான சக்கரம் உருண்டு போய்விடும்.

எனவே தகரத்துக்கு 32 பல். உண்மையில் அதிலும் மூன்று பற்கள் அமராது. நான் தகரத்தை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கி, பலகையோடு சேர்த்தே அறுத்துவிடுவேன். பிசிறும் குறைவு. சாதாரண இரும்புக் குழாய்க்கு 24 போதும்.

நெருக்கமான பல் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்: தடித்த அலுமினியத்தில் அதன் இடுக்குகளில் துகள் அடைத்துக்கொண்டு பிளேடு அறுக்காமல் வழுக்கும், அங்கே 14 அல்லது 18 தான் சரி.