கொரோனர் விசாரணை: குடும்பத்துக்கு வழக்கறிஞர் வேண்டுமா?

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அப்பா மருத்துவமனையிலேயே இறந்துவிட்டார். கொரோனர் விசாரணை நடக்கும் என்கிறார்கள். மருத்துவமனையின் சார்பில் வழக்கறிஞர் வருவாராம். எங்களுக்கும் ஒருவர் வேண்டுமா? அந்தச் செலவை யார் ஏற்பார்கள்?”

கொரோனர் என்பவர் இயற்கைக்கு மாறான அல்லது காரணம் தெரியாத மரணங்களை விசாரிக்கும் அதிகாரி. அவர் நடத்தும் விசாரணை, இரு தரப்பு மோதும் வழக்கு அன்று. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்ற கேள்விகளுக்கே கொரோனர் விடை காண்கிறார். பெயர் சுட்டத்தக்க ஒருவரின் குற்றப் பொறுப்பையோ, எவருடைய நட்டஈட்டுப் பொறுப்பையோ தீர்மானிப்பதாகத் தோன்றும் சொற்களைக்கூட அவர் தம் முடிவில் எழுதக் கூடாது. யார்மீது தவறு என்ற தீர்ப்பை எதிர்பார்த்து வரும் குடும்பங்கள் ஏமாற்றத்துடன் திரும்புவது இதனால்தான். ஆனால் ‘எப்படி’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும் என்பது விசாரணை நாளுக்கு வெகு முன்பே, கடிதப் போக்குவரத்திலும் முன்விசாரணை அமர்விலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே வழக்கறிஞர் உங்களுக்கு அதிகம் பயன்படும் காலம் இப்போதுதான். விசாரணைக்கு முந்தைய வாரத்தில் அன்று.

மகள் என்ற முறையில் நீங்கள் சட்டம் ஏற்கும் தரப்பினர். ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். விசாரணை முடியும்வரை அவற்றின் நகல்களுக்குக் கொரோனர் கட்டணம் வாங்கக் கூடாது. சாட்சிகளை நீங்களே கேள்வி கேட்கலாம். நடந்தவற்றைப் பற்றிக் கொரோனரிடம் வாதுரை நிகழ்த்த மட்டும் எவருக்கும், மருத்துவமனையின் வழக்கறிஞருக்கும்கூட, அனுமதி இல்லை. அதனால் உங்கள் கருத்து எதுவாயினும் அது கேள்வியாகத்தான் வெளிவர வேண்டும். “நீங்கள் அப்பாவைக் கவனிக்கவில்லை” என்பது எடுபடாது, “இந்த அட்டவணையில் இரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் இரத்த அழுத்தம் குறிக்கப்படாதது ஏன்?” என்று கேட்டால் செவிலியர் விடை சொல்லியாக வேண்டும். அந்த அட்டவணை கையில் இருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும். எனவே செவிலியர் குறிப்புகள், கண்காணிப்பு அட்டவணை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனை தானே நடத்திய உள்விசாரணையின் அறிக்கை ஆகியவற்றைக் கொரோனர் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். நேரில் அழைக்கப்பட வேண்டிய மருத்துவர், செவிலியர் பெயர்களையும் அதே கடிதத்தில் சேருங்கள்.

இனிப் பணம். அரசின் சட்ட உதவி இரண்டு படிகளாக இருக்கிறது. ஆலோசனை, கடிதம், கேள்வித் தயாரிப்பு ஆகியவற்றுக்கான முதற்படி உதவி பொதுவாக வருமான வரம்புக்கு உட்பட்டது. விசாரணையில் வழக்கறிஞர் உங்கள் சார்பில் முன்னிலையாக வேண்டுமானால், வழக்கமான சட்ட உதவிக்கு வெளியே சிறப்பு நிலை கருதித் தரப்படும் தனிவிதிவிலக்கு நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் இதற்கு வருமானச் சோதனை இல்லை. ஆனால் வாழ்வுரிமையைக் காக்கும் கடமையில் அரசு அமைப்பு தவறியதாக வாதிட இடமிருப்பதையோ, விசாரணையால் பரந்த பொதுநலன் விளைவதையோ காட்டியாக வேண்டும். மருத்துவமனை மரணங்களில் இதுவே கடினம்: ஒரு மருத்துவரின் சாதாரணக் கவனக்குறைவு பொதுவாகப் போதாது, அமைப்பு முறையிலேயே கோளாறு இருந்ததாகக் காட்ட வேண்டும். காவலிலோ, மனநலச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டிருந்தபோதோ நேர்ந்த மரணமாயின் வழி சற்று எளிது.

அந்த நிதி கிடைக்காவிட்டாலும் கதவு அடைபடுவதில்லை. நட்டஈட்டு வழக்குக்கு அடிப்படை இருந்தால், வென்றால் மட்டும் கட்டணம் என்ற உடன்படிக்கையில் சில வழக்கறிஞர்கள் விசாரணையிலும் உடன் வருவார்கள். அவ்வழக்குக்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள். மருத்துவ விபத்துகளில் ‘ஏவிஎம்ஏ’ அறக்கட்டளையும், அரசுக் காவல் சார்ந்த மரணங்களில் ‘இன்க்வெஸ்ட்’ அமைப்பும் இலவசமாக வழிகாட்டுகின்றன.

எதிர்கால மரணங்களைத் தடுக்க நடவடிக்கை தேவை என்று கொரோனர் கருதினால், உரிய அமைப்புக்கு அறிக்கை அனுப்புவார். அது 56 நாளில் பதிலளிக்க வேண்டும். வார்டில் இன்றும் நீடிக்கும் ஆபத்து எதையேனும் அறிந்திருந்தால் அதையும் கொரோனருக்கு எழுதுங்கள்.

இறப்புச் சான்றிதழ் விசாரணைக்குப் பிறகே வரும் என்றாலும் அதற்காக அஞ்ச வேண்டாம். கொரோனர் தரும் இடைக்காலச் சான்றிதழை வங்கிகள் பெரும்பாலும் ஏற்கின்றன. அம்மாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால், அதையும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.